டோஸ்ட் மேல் மாட்டுக்கறிப் பால் கிரேவி: அமெரிக்க ராணுவ மெஸ்ஸின் காலைச் சாப்பாடு

மாட்டுக் கொத்துக்கறியை வதக்கி, மைதா தூவி, பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டியின் மேல் ஊற்றுவது. இந்த உணவு அவ்வளவுதான். மசாலா என்று பார்த்தால் மிளகு மட்டும். ஆனால் அமெரிக்கப் படைகளில் இருந்தவர்களிடம் இதன் பெயரைச் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். சிலருக்குச் சிரிப்பு வரும், சிலர் அந்தக் காலத்துக்கே போய்விடுவார்கள்.

அவர்கள் இதைச் சொல்வது 'எஸ்.ஓ.எஸ்.' என்று. '... ஆன் எ ஷிங்கிள்' என்பதன் சுருக்கம் அது. 'ஷிங்கிள்' என்பது கூரையில் பதிக்கும் தட்டை ஓடு, அதாவது டோஸ்ட். ஓட்டின் மேல் என்ன இருக்கிறது என்று சிப்பாய்கள் சொன்ன வார்த்தையைச் சபையில் சொல்ல முடியாது. வீட்டில் பெண்டு பிள்ளைகள் முன்னால் 'சேம் ஓல்ட் ஸ்டஃப்' என்று மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள். வசைப்பெயர் வைத்தாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள், ஊர் திரும்பிய பிறகும் வீட்டில் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா, மேரிலாண்ட் பக்கத்து டைனர்கள் என்ற எளிய உணவகங்களின் காலை மெனுவில் இன்றும் இது இருக்கிறது.

நான் முதன்முதலில் சாப்பிட்டது பென்சில்வேனியாவில் அப்படி ஒரு டைனரில்தான். செய்யக் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம். இளமையில் ராணுவ மெஸ்ஸில் சமைத்தவர். அவர் அடுப்பருகே நின்று சொல்லிக்கொடுத்ததைத்தான் கீழே எழுதுகிறேன். மூன்று நான்கு முறை செய்த பிறகு எனக்குப் புரிந்தது இது: ருசி முழுவதும் மாவு வறுபடும் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

பழைய கணக்கு

அமெரிக்கத் தரைப்படை 1910-இல் சமையற்காரர்களுக்கென்று அச்சிட்ட கையேட்டில் 60 பேருக்கான அளவு இருக்கிறது. சீவிய உப்புக்கண்டம் 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 6.8 கிலோ. கொழுப்பு 1 பவுண்டு, வெண்ணெயாக இருந்தால் நல்லது. மாவு ஒன்றேகால் பவுண்டு. சுண்டக் காய்ச்சிய எவாப்பரேட்டட் பால் 2 டப்பா. மாட்டிறைச்சி வேகவைத்த சாறு 6 குவார்ட், கிட்டத்தட்ட 5.7 லிட்டர். ஒரு கட்டு பார்ஸ்லி, கால் அவுன்ஸ் மிளகு. கொழுப்பை உருக்கி மாவைச் சிவக்க வறுத்து, சாற்றில் பாலைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் மெல்லக் கிளறி, கறியைப் போட்டுச் சில நிமிடம் வேகவைத்து, டோஸ்ட் மேல் பரிமாறு என்கிறது.

இந்தப் பட்டியலில் உப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். கறியே உப்பில் ஊறிக் காய்ந்தது, அதனால் தேவைப்படவில்லை. பாலும் மிகக் குறைவு, பெரும்பங்கு சாறுதான். கெடாத கறி, டப்பாப் பால், மாவு. புதிய பால் எட்டாத முகாமில்கூட 60 பேருக்கும் சூடாகக் காலைச் சாப்பாடு போட இவை போதும். அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின்னாளில் மெஸ்களில் உப்புக்கண்டத்துக்குப் பதில் கொத்துக்கறி போட்டும் செய்தார்கள். புதிதாகச் செய்பவர்களுக்கு அதுதான் சுலபம், கறியும் எங்கும் கிடைக்கும். அதையே முதலில் பார்ப்போம்.

நான்கு பேருக்கு வேண்டியவை

மாட்டுக் கொத்துக்கறி அரைக் கிலோ. கொஞ்சம் கொழுப்போடு இருக்கட்டும், ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால் கச்சிதம். மைதா 5 மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம். பால் 600 மில்லி, கொழுப்பு எடுக்காதது. சின்ன வெங்காயம் அல்ல, பெரிய வெங்காயத்தில் பாதி, பொடியாக நறுக்கியது. மிளகு ஒரு தேக்கரண்டி, அப்போதே கொரகொரவென்று பொடித்தது. உப்பு. வெள்ளை ரொட்டி 8 துண்டு. கறி கொழுப்பில்லாததாக இருந்தால் 2 மேசைக்கரண்டி வெண்ணெய் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ருசி வேண்டுமென்றால் பாலில் பாதிக்கு எவாப்பரேட்டட் பால் சேர்க்கலாம். தண்ணீர் சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைத்த பால் அது, சர்க்கரை கிடையாது. மில்க்மெய்ட் வேறு. டப்பாவைப் பார்த்து அதை ஊற்றிவிட்டால் இனிப்புக் கறிதான் கிடைக்கும்.

படி 1: கறியை வதக்குவது

அடி கனமான அகல வாணலியை நன்றாகச் சூடாக்குங்கள். எண்ணெய் வேண்டாம். கறியைப் பரப்பிப் போட்டு இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பாகப் பிடிக்க வேண்டும். போட்ட உடனே கிளறினால் கறி தண்ணீர் விட்டு வெந்துபோகும், நிறமும் மணமும் வராது. அப்புறம் மரக்கரண்டியால் உடைத்துக் கிளறி, சிவப்பு மறையும் வரை வதக்குங்கள். கட்டிகள் உதிர்ந்து பட்டாணி அளவுக்கு வர வேண்டும். வெங்காயத்தைச் சேர்த்து, கண்ணாடிபோல் ஆகும் வரை இன்னும் மூன்று நிமிடம்.

வாணலியைச் சாய்த்துப் பாருங்கள். மூன்று மேசைக்கரண்டி அளவுக்குக் கொழுப்பு தேங்கி நிற்க வேண்டும். அதிகமாக இருந்தால் வடித்துவிடுங்கள், குறைந்தால் வெண்ணெய் போடுங்கள். கொழுப்பு முழுவதையும் வடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மாவு வறுபட அதுதான் வேண்டும்.

படி 2: மாவு

தீயைக் குறைத்து, மைதாவைக் கறியின் மேல் பரவலாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்ட வேண்டாம். தூவியதும் கிளறத் தொடங்கி, கை நிறுத்தாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். முதலில் கறி வெள்ளை பூசியதுபோல் வறண்டு தெரியும். கிளறக் கிளற மாவு கொழுப்பைக் குடித்து, கறித்துணுக்குகளின் மேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

இங்கே கடிகாரத்தைவிட மூக்கு உதவும். தூவியவுடன் வரும் பச்சை மாவு வாசனை மெல்ல அடங்கி, பிஸ்கட் வேகும்போது வருவதுபோல் ஒரு வாசனை எழும். அது வந்த பிறகுதான் பால். பச்சை வாசனை இருக்கும்போதே ஊற்றிவிட்டால், பிறகு எவ்வளவு கொதித்தாலும் நாக்கில் கொஞ்சம் மாவு தட்டும்.

மாவைப் பாலில் நேராகக் கரைத்து ஊற்றினால் என்ன என்று நானும் கேட்டிருக்கிறேன். மாவுத்துகள் ஒவ்வொன்றையும் கொழுப்பு சுற்றிக்கொண்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பாலில் பரவும், கட்டி தட்டாது. வறுபட்ட மணமும் சேர்ந்து வரும். கரைத்து ஊற்றுவதில் அந்த மணம் கிடைக்காது.

படி 3: பால்

பால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்க வேண்டாம், வெதுவெதுப்பாக இருக்கட்டும். முதலில் அரை டம்ளர் மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். கலவை சட்டென்று இறுகிப் பசைபோல் ஆகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். அது வழவழப்பானதும் இன்னொரு அரை டம்ளர். முதல்முறை நான் அவசரப்பட்டு எல்லாப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினேன். அடியில் பசையும் மேலே பாலுமாகப் பிரிந்து நின்றது, கடைசிவரை கட்டிகள் கரையவில்லை. அடுத்த தடவை பெரியவர் பால் பாத்திரத்தை என் கையில் கொடுத்து, "இன்னும் கொஞ்சம், கிளறு, இன்னும் கொஞ்சம்" என்று பக்கத்திலேயே நின்றார்.

பால் முழுவதும் சேர்ந்த பிறகு தண்ணியாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மாவு சேர்க்காதீர்கள். மாவு கெட்டிப்படுவதே கொதிநிலைக்கு அருகில் வந்த பிறகுதான். நடுத்தரத் தீயில் குமிழ் விடத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறியபடி ஐந்து முதல் ஏழு நிமிடம் விடுங்கள்.

பதம் பார்க்க ஒரு வழி. தட்டையான மரக்கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு போட்ட இடத்தில் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து, பிறகு கிரேவி மெல்ல வந்து மூட வேண்டும். தெரியாமலே மூடினால் இன்னும் வேக வேண்டும். மூடாமல் நின்றால் கால் டம்ளர் பால் ஊற்றுங்கள். இட்லி மாவைவிட ஒரு பங்கு தளர்வாக இருப்பது சரியான பதம்.

உப்பு இப்போதுதான். பால் சுண்டச் சுண்ட உப்பு தூக்கலாகும் என்பதால் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். மிளகைத் தாராளமாகப் போடுங்கள், வெள்ளைக் கிரேவியில் கருப்புப் புள்ளிகள் நன்றாகத் தெரிய வேண்டும். 60 பேருக்குக் கால் அவுன்ஸ் என்ற கையேட்டுக் கணக்கு எனக்குப் போதவில்லை. மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு உணவு. ஒரு முறையாவது மிளகோடு மட்டும் செய்து பாருங்கள்.

படி 4: டோஸ்ட்

கிரேவி இறங்கும் நேரத்தில் ரொட்டியை வாட்டுங்கள். வெண்ணெய் தடவாமல், ஓரம் கருஞ்சிவப்பாகும் வரை, தட்டினால் சத்தம் கேட்கும்படி. மென்மையான டோஸ்ட் நிமிடத்தில் கூழாகிவிடும். தட்டில் இரண்டு துண்டு வைத்து, நடுவில் இரண்டு கரண்டி ஊற்றி, ஓரத்தைக் காயவிடுங்கள். நடுவில் ஊறியது, ஓரத்தில் மொறுமொறுப்பு என்று ஒரே வாயில் இரண்டும் வரும். பக்கத்தில் ஒரு ஆஃப்பாயில் இருந்தால் இன்னும் நல்லது.

உப்புக்கண்டத்தில் செய்ய

அமெரிக்கக் கடைகளில் சின்னக் கண்ணாடி ஜாடிகளில் தாள்போல் சீவிய 'டிரைடு பீஃப்' கிடைக்கும். நான்கு பேருக்கு 120 கிராம் போதும். கடுமையான உப்பு, அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, விரலகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். 3 மேசைக்கரண்டி வெண்ணெயில் ஓரங்கள் சுருளும் வரை வதக்கி, 3 மேசைக்கரண்டி மைதா, 400 மில்லி பால். மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான். உப்பு மட்டும் சேர்க்கவே வேண்டாம்.

கடற்படையில் பாலுக்குப் பதில் தக்காளி போட்டு, துளி ஜாதிக்காய் தூவி ஒரு வகை செய்ததுண்டு. அதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

மீந்த கிரேவியை ஆறியதும் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது கட்டியாக உறைந்திருக்கும். சிறுதீயில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விட்டுக் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். ரொட்டியை மட்டும் அப்போதைக்கு அப்போது வாட்டுங்கள்.