ஈஎஸ்ஆர், சீஆர்பி ரிப்போர்ட் கையில் வந்தால் எப்படிப் பார்ப்பது

முடக்குவாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச்சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வருகிறவர்களின் கொப்பிக்குள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சீஆர்பி என்ற இந்த இரண்டு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கட்டாயம் கிடக்கும். எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன் அலகைப் பாருங்கள். சீஆர்பியை ஒரு லேப் லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரும், இன்னொன்று டெசிலீற்றருக்குத் தரும். முதலாவதில் 12 என்றால் இரண்டாவதில் 1.2, அவ்வளவுதான். முடிந்தவரை ஒரே லேப்பில் செய்யுங்கள்.

சீஆர்பி ஈரல் சுரக்கும் புரதம். அழற்சி தொடங்கிச் சில மணித்தியாலங்களிலேயே ஏறி, இரண்டு நாளளவில் உச்சத்துக்குப் போகும், காரணம் அடங்கினால் விரைவாக இறங்கியும்விடும். ஈஎஸ்ஆர் அப்படியில்லை. செங்குருதிக் கலங்கள் குழாயில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் கீழே படிகின்றன என்பதுதான் அது; மெதுவாக ஏறும், வருத்தம் குறைந்த பிறகும் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும், இரத்தச்சோகை, கர்ப்பம், வயது எல்லாமே அதைக் கூட்டிவிடும். வயதுக்கு ஒரு பருமட்டான கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. ஆகவே 60 வயது அம்மாவுக்கு 35 வந்தால் தலையில் கைவைக்கத் தேவையில்லை.

லூபஸ்காரர் இதைக் கவனியுங்கள். நோய் கிளம்பும்போது ஈஎஸ்ஆர் ஏறினாலும் சீஆர்பி பெரும்பாலும் சும்மா இருக்கும். அது நன்றாக ஏறியிருந்தால் கிருமித் தொற்று இருக்கிறதா என்றுதான் டொக்டர் முதலில் தேடுவார். மறுபக்கம், முடக்குவாதத்துக்கு டொசிலிசுமாப் என்ற ஊசி போடுகிறவருக்குத் தொற்று இருந்தாலும் சீஆர்பி ஏறாமல் போகலாம்.

ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் நாலு விஷயம் எழுதிவையுங்கள்: திகதி, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், எந்த மூட்டு வீங்கியது, காய்ச்சல், சளி, சலக்கடுப்பு ஏதும் இருந்ததா. எண்ணைவிட இதுதான் டொக்டருக்கு உதவும், ஏனென்றால் முடக்குவாதக்காரரில் கணிசமானோருக்கு மூட்டு வீங்கியிருக்கும்போதே இரண்டு எண்ணும் சாதாரணமாக வரும். சிக்குன்குனியா வந்து போனவர்கள் அதையும் சொல்லுங்கள், அந்த மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் உடம்புக்குச் சுகம்தான், ஆனால் சீஆர்பி இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து போடுகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். அது எண்ணை இறக்கிக் காட்டும். எண் நல்லாயிருக்கிறது என்று அதைத் திடீரென நிறுத்த மட்டும் வேண்டாம், ஆபத்து. 50 வயது தாண்டியவருக்குப் புதுத் தலையிடி, மெல்லும்போது தாடை வலி, கண்பார்வை மங்கல் என்று வந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரிப்போர்ட் பிறகு வரட்டும்.