மாலத்தீவின் சின்னத் தீவில் ஆசிரியர் வேலை: முதல் மாதத்துக்கான செய்முறை

மாலத்தீவில் 1,192 தீவுகள். அவற்றில் ஊர்மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. உங்களுக்கு வேலை கிடைத்திருப்பது தலைநகர் மாலேயில் இல்லாமல் அந்தச் சின்னத் தீவுகளில் ஒன்றில் என்றால், இது உங்களுக்காக எழுதியது.

நான் நாகர்கோவில் பக்கம். கணக்கு டீச்சர். வடக்கே நூனு என்ற பவளத்தீவுக் கூட்டத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தீவில், நான்கு வருடம் இருந்தேன். அங்கே வெங்காயம், மாத்திரை, சம்பளப் பணம், ஊருக்குப் போகும் லீவு எல்லாமே படகு வரும் நாளைப் பொறுத்தவை. நாட்காட்டியை விட்டுப் படகைப் பார்த்து நாளை எண்ணப் பழகிவிட்டால் பாதிக் கஷ்டம் போய்விடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை மனதில் வைத்து எழுதியவைதான்.

படி 1: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

எந்த அத்தொளு, எந்தத் தீவு என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். "மாலத்தீவில் பள்ளி" என்பது மட்டும் போதாது. அத்தொளு என்பது பவளத்தீவுக் கூட்டம். ஆங்கிலத்தில் புழங்கும் அட்டோல் என்ற சொல்லே, மாலத்தீவு மொழியான திவேஹியின் இந்தச் சொல்லிலிருந்து போனதுதான்.

அடுத்து இவற்றைக் கேளுங்கள்: தங்க இடம் தருவார்களா, வாடகை நீங்கள் கொடுக்க வேண்டுமா? அறை தனியா, பங்கா? மின்கட்டணம் யார் தலையில்? வருடத்துக்கு ஒருமுறை ஊர் போய்வர டிக்கெட் உண்டா? மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் படகுச் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள். நானும் கேட்கவில்லை. முதல் வருடம் முழுக்க அதைக் கைக்காசிலிருந்தே கொடுத்தேன்.

சுற்றுலாவுக்கு இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா தருகிறார்களே, அதில் போய்விட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலைக்கு வேலை அனுமதி வேண்டும். அது கைக்கு வராமல் விமானம் ஏற வேண்டாம்.

படி 2: பெட்டி கட்டுவது

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். பக்கம்தானே என்று பாதியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கே போனபின் ஊர் தூரமாகிவிடும்.

கட்டாயம் எடுக்க வேண்டியவை: புளி, சாம்பார்ப் பொடி, பெருங்காயம், இட்லி அரிசி, சின்ன குக்கர். மூன்று சதுரக் கால் பிளக்குக்கான அடாப்டர் இரண்டு. முழங்காலுக்குக் கீழே வரும் பருத்தி உடைகள். தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்கு, மருத்துவர் சீட்டோடு. உப்புக்காற்றில் லேப்டாப், மிக்ஸி எல்லாம் துருப்பிடிக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாக்கள். சான்றிதழ்களின் சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டு செட்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலைகள் ஆகியவற்றுக்குச் சுங்கத்தில் அனுமதி இல்லை. பெட்டியில் சின்னப் பிள்ளையார் சிலை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அங்கே இஸ்லாம்தான் அரச சமயம், பிற சமயத்தாரின் பொது வழிபாட்டுக்கு இடமில்லை. மனசுக்குள் கும்பிடுவதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்த வரம்பைத் தெரிந்துகொண்டே போவது நமக்கும் நல்லது, அவர்களுக்கு நாம் தரும் மரியாதையும் அதுதான்.

படி 3: மாலேயிலிருந்து தீவுக்கு

விமான நிலையம் ஹுளுலே என்ற தனித்தீவில் இருக்கிறது. 2018ல் திறந்த பாலம் வழியாக மாலேக்கு டாக்ஸியிலேயே போகலாம். படகும் உண்டு. இறங்கியதும் ஒரு சிம் கார்டு வாங்குங்கள். திராகு, ஊரிடூ என்று இரண்டு கம்பெனிகள். உங்கள் தீவில் எது நன்றாக எடுக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் வையுங்கள்.

தீவுக்குப் போக விரைவுப் படகு, சரக்குத் தோணி என்று இரண்டு வழி. அவர்களும் அதைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். முதல்முறை அந்தச் சொல்லைத் துறைமுகத்தில் கேட்டபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. விரைவுப் படகு சில மணி நேரத்தில் போய்விடும், ஆனால் சாமான் அதிகம் ஏற்ற முடியாது. சரக்குத் தோணியில் ஒரு ராத்திரி ஆகும், மூட்டை எத்தனை என்று யாரும் எண்ண மாட்டார்கள். நான் சொல்வேன்: நீங்கள் விரைவுப் படகில் போங்கள், அரிசியும் பெட்டியும் தோணியில் வரட்டும். ஒவ்வொரு மூட்டையிலும் உங்கள் பெயர், பள்ளி, தீவின் பெயர் மூன்றையும் பெரிதாக, அழியாத மையில் எழுதுங்கள்.

மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. அவர்கள் ஹுளங்கு என்பார்கள். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். மற்ற மாதங்களை இருவை என்பார்கள், கடல் சாந்தமாக இருக்கும். என் முதல் ஜூலையில், ஒரு வேலையாக வியாழன் சாயங்காலம் மாலே போனேன். சனிக்கிழமை திரும்பிவிடலாம் என்று கணக்கு. காற்று எழுந்து படகு நின்றது. செவ்வாய்க்கிழமைதான் வகுப்புக்குள் நுழைந்தேன், ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் சம்பளமும் போனது (அங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை). அதற்குப் பிறகு ஹுளங்கு மாதங்களில் அவசியம் இல்லாமல் தீவை விட்டு நகர்ந்ததே இல்லை.

படி 4: தண்ணீர்

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். தீவில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க. அது மணலுக்கடியில் கடல்நீர் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம், அதிகம் இறைத்தால் உப்பேறிவிடும். சில தீவுகளில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். குடிக்க, சமைக்கப் பலரும் நம்புவது மழைத் தொட்டியைத்தான்.

தொட்டி இருந்தால் கூரையிலிருந்து வரும் குழாயின் மூட்டைப் பாருங்கள். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையை உள்ளே விடாதீர்கள். பறவை எச்சம், இலைதழை, உப்புத்தூசி எல்லாம் அதில்தான் இறங்கும். குழாயைத் திருப்பி வெளியே விட்டு, கூரை கழுவி முடிந்து தண்ணீர் தெளிவானபின் மாற்றுங்கள். குழாய் வாயில் இரண்டு மடிப்பு மல்துணி கட்டி, தொட்டி மூடியை இறுக்கமாக வையுங்கள். மூடி திறந்திருந்தால் கொசு முட்டையிடும். அங்கே டெங்கு வரும், விளையாட்டில்லை. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

படி 5: அடுப்படி

சரக்குத் தோணி வந்த மறுநாள் கடைக்குப் போனால் கேரட், கோஸ், தக்காளி கிடைக்கும். நான்கு நாள் கழித்துப் போனால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும்தான். நம் தூத்துக்குடியிலிருந்தும் காய்கறி ஏற்றிய தோணிகள் மாலேக்குப் போகின்றன. மாலேயிலிருந்து தீவுக்கு இன்னொரு படகு. அதனால் தக்காளியை மூன்று நாளுக்குமேல் நம்பாதீர்கள். புளியை நம்புங்கள்.

ஆனால் தீவிலேயே விளைவதைப் பார்க்கப் பழகினால் சமையல் குறையாது. முருங்கை அங்கே வீட்டுக்கு வீடு நிற்கும். கறிவேப்பிலை உண்டு, ரம்பை உண்டு. கறிப்பலாவை பம்புகெயோ என்பார்கள். நம் ஊர் வறுவல்போல நறுக்கிப் பொரித்தால் டீக்கு அதைவிட வேறு வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டால் இல்லை என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பருப்பும் பயறும் நிறையக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அங்கே சாப்பாடு என்றால் சூரை மீன்.

முதல் வாரத்திலேயே மஸ் ஹுனி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டவ் இல்லாவிட்டாலும் காலைச் சாப்பாடு ஆகிவிடும்.

ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு பச்சை மிளகாய், உப்பு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக் கையால் நன்றாகப் பிசையுங்கள். வெங்காயம் தண்ணீர் விட்டுத் துவளும்வரை பிசைய வேண்டும், இதில் அவசரப்பட்டால் ருசி வராது. பிறகு வேகவைத்த அல்லது புகைபோட்ட சூரை மீனை உதிர்த்துப் போட்டுப் பிசையுங்கள். டின் மீன் என்றாலும் சரி, எண்ணெயை வடித்துவிடுங்கள். கடைசியாக மீன் அளவுக்குத் தேங்காய்த் துருவல். துருவலைப் போட்டபின் அழுத்திப் பிசையாமல் விரலால் கலந்தால் போதும். ரொஷி என்ற மெல்லிய ரொட்டியோடு சாப்பிட வேண்டும். நம் சப்பாத்திதான், மைதாவில்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது வீட்டுக்கார அம்மா. ஹுனிகொண்டி என்ற குட்டையான மணையில் உட்கார்ந்து, அதன் நுனியில் நீட்டியிருக்கும் பல் வைத்த இரும்பில் தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பித் துருவுவார். என் அம்மாவின் துருவுமணை அப்படியே அதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்போது திவேஹி தெரியாது. நான் மணையில் உட்கார்ந்து துருவிக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்புக்குப் பின், அந்த வீட்டில் நான் வாடகைக்காரி இல்லை.

ரிஹாகுரு என்ற கரும்பழுப்புக் குழம்புப் பசை ஒரு பாட்டில் வாங்கிவையுங்கள். மீன் வேகவைத்த சாற்றை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சி எடுப்பது. படகு வராத வாரத்தில் ஒரு ஸ்பூன் போட்டுப் புளிக்குழம்பு வைத்தால் மீன் குழம்பு மாதிரியே இருக்கும்.

படி 6: வகுப்புக்குள்

வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். வெள்ளி, சனி விடுமுறை. திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான். பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வு முறை என்பதால், போகும் முன்பே அந்தப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்போல மனப்பாடமாக எழுதவைக்க முடியாது. கணக்கில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, திவேஹி மொழியை எழுதும் தானா என்ற எழுத்தைப் பற்றி. 24 எழுத்துகள், வலமிருந்து இடம். ஒரு மாதத்தில் படித்துவிடலாம், கணக்கு டீச்சர் என்றால் இன்னும் சீக்கிரம். ஏனென்றால் அதன் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரையுள்ள அரபு எண்வடிவங்களிலிருந்து வந்தவை. அடுத்த ஒன்பது, அந்த ஊரின் பழைய எண்வடிவங்களிலிருந்து. ஒரு நாள் கரும்பலகையில் இதை வரிசையாக எழுதிக் காட்டினேன். எட்டாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. அவர்கள் தினமும் எழுதுகிற எழுத்துக்குள் எண் ஒளிந்திருப்பதை அதுவரை அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

இன்னொரு பயனும் உண்டு. நிர்வாகத்தில் அத்தொளுக்களுக்கு வடக்கிலிருந்து தெற்காக இந்த எழுத்து வரிசையில்தான் பெயர்: ஹா, ஷவியனி, நூனு, ரா, பா, ளவியனி, காஃபு என்று தொடங்கித் தென்கோடியில் ஸீனு. காஃபுதான் மாலே பக்கம். ஆக எழுத்து வரிசை தெரிந்தால் நாட்டின் வரைபடமே தெரிந்ததுபோல. ளவியனி என்று சொல்ல வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் திணறுவார்கள், ளகரம் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் வாரத்து வேலை: வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களைத் தானாவில் எழுதித் தரச் சொல்லி மாணவர்களிடமே வாங்குங்கள். அதைப் பார்த்து நீங்கள் எழுதுங்கள். தப்பாக எழுதினால் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்திலேயே உங்களுக்கும் அவர்களுக்கும் பழக்கம் ஏற்பட்டுவிடும்.

படி 7: ஊரோடு இருப்பது

பள்ளி முடிந்ததும் ஆசிரியர் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடையில், துறைமுகத்தில், கடற்கரையில் எங்கே போனாலும் "மிஸ்" என்று ஒரு குரல் வரும். சாயங்காலம் வீட்டு வாசலில் கயிற்று வலை பின்னிய ஜோலி என்ற இருக்கையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், டீ தந்தால் குடியுங்கள். அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும் செய்தி எந்தக் கூட்டத்திலும் கிடைக்காது. எந்தப் பிள்ளையின் அப்பா ரிசார்ட் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வரவில்லை, யார் வீட்டில் படிக்க இடமில்லை என்பதெல்லாம் எனக்கு ஜோலியில்தான் தெரிந்தது.

தொழுகை நேரத்தில் கடை கொஞ்ச நேரம் மூடுவார்கள், வெள்ளி மதியம் ஊரே நிற்கும். ரமலானில் பகலில் வெளியே தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். கடலில் குளிக்கும்போது பெண்கள் முழு உடையோடு இறங்குவதுதான் வழக்கம். பவளத்தில் கால் கிழிந்தால் ஆற நாளாகும், செருப்பில்லாமல் பாறை மேல் நடக்காதீர்கள். உடம்புக்கு முடியாவிட்டால் தீவின் சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டு, நாளைக்குக் கடல் பொங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வழி இருக்காது.

படி 8: பணம்

சம்பளம் ரூஃபியாவில் வரும். 1 டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது வங்கி விகிதம். ஆனால் வங்கியில் நினைத்தபோதெல்லாம் டாலர் கிடைக்காது, வெளியே மாற்றினால் கூடுதலாகக் கேட்பார்கள். ஊரில் கடன் தவணை இருந்தால், மூன்று மாதத் தவணையை முன்கூட்டியே ஊர்க் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 9: லீவுக்குக் கிளம்பும்போது

விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே மாலேக்கு வந்துவிடுங்கள். காரணம் உங்களுக்கே இப்போது தெரியும்.

ஊருக்குக் கொண்டுபோக ஹிக்கிமஸ் வாங்குங்கள். நம் பக்கம் மாசிக் கருவாடு என்று சொல்வது அதுதான். தீவிலேயே வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் உலர்த்துகிறவர்களிடம் வாங்கினால் மாலே கடையைவிட நன்றாக இருக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். மரக்கட்டைபோல "டக்" என்று கேட்டால் நன்றாகக் காய்ந்தது. சத்தம் மொத்தையாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வேண்டாம். செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, துணிகளோடு சேராமல் தனிப் பையில் வையுங்கள்.