கொடுத்த பணம் என்ன ஆச்சு? நன்கொடையாளர் கடிதத்தில் நேரும் தவறுகள்

ஆண்டு முடிந்ததும் தொண்டு நிறுவனத்திலிருந்து நன்கொடையாளருக்கு ஒரு கடிதம் போகும். எத்தனை கூட்டம் நடத்தினோம், எந்த விருது வாங்கினோம், புதுக் கட்டடத்தை யார் திறந்து வைத்தார் என்று நிறுவனத்தின் சுயபுராணமாகவே பெரும்பாலும் இருக்கும். படிப்பவர் தேடுவதோ ஒன்றே ஒன்று: நான் கொடுத்தது என்ன ஆச்சு?

செய்த வேலையைப் பலன் என்று எழுதுவதுதான் பெரிய கோளாறு. ஒரு நிறுவனம் 400 பேருக்கு மூக்குக்கண்ணாடி கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 400 என்பது வேலைக் கணக்கு. ஆறு மாதம் கழித்தும் அதைப் போட்டுக்கொண்டிருப்பவர் எத்தனை பேர்? அதுதான் பலன். இதற்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். பட்டியலில் 13 பேருக்கு ஒருவர் வீதம் எடுத்தால் 30 பேர் வருவார்கள், கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்டால் நல்ல செய்திதான் வரும், அவ்வளவே. 30 பேரைக் கேட்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சிலர் எண்களாலேயே பக்கத்தை நிரப்புவார்கள். ஸ்மால், லோவென்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் 5 டாலர் தந்து அதில் நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள்; புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43-தான். இது பணம் கேட்கும் நேரத்துச் சோதனை. கணக்குச் சொல்லும் கடிதத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஓர் ஆளில் தொடங்கி எண்ணுக்குப் போவது நல்லது என்பேன். அந்த ஆள், நூற்றில் ஒருவருக்கு நடந்த அதிசயமாக இருக்கக் கூடாது.

‘உங்கள் பணத்தில்தான் இவர் படித்தார்’ என்ற வரி ஆபத்தானது. எளியவர்களுக்குச் சிறு கடன் கொடுக்க வழிசெய்யும் கீவா இணையதளத்தில் ஒருவரின் படத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள், பணம் நேராக அவர் கைக்கே போகிறது என்று நம்பியிருந்தார்கள். பெரும்பாலான கடன்கள் படம் ஏறும் முன்பே உள்ளூர் நுண்கடன் அமைப்புகள் வழங்கிவிட்டவை. 2009-இல் நுண்கடன் ஆய்வாளர் டேவிட் ரூட்மன் இதை எடுத்துக்காட்டிய பிறகு கீவா தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. பொது நிதிக்கு வந்த பணம் என்றால் ‘உங்களைப் போன்றவர்கள் தந்ததில்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பயனாளியின் படத்தை அவர் சம்மதமில்லாமல் போடக் கூடாது. சம்பளம், வாடகையை ஏதோ குற்றம்போல ஒளிக்கவும் வேண்டாம்; கூப்பிட்டுக் கேட்டவருக்கும் சம்பளம் உண்டுதானே. நன்றிக் கடிதத்தின் அடியிலேயே அடுத்த நன்கொடைப் படிவத்தை ஒட்டி அனுப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. வாங்கியதற்குக் கணக்குச் சொல்லும் கடிதம் ஒன்றாவது எதையும் கேட்காமல் போகட்டும்.

சறுக்கியதைச் சொல்லத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். அந்த 30 பேரில் ஒன்பது பேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்றால் அதையே எழுதலாம்: ‘பிரேம் மூக்கில் அழுத்துகிறது என்றார்கள். அடுத்த முறை மூன்று அளவில் வாங்குகிறோம்.’