பொன்டூன் படகு: சின்னதா, பெரியதா? தேர்வில் நடக்கும் தவறுகள்

தட்டையான டெக், அடியில் இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்கள், பின்னால் ஓர் அவுட்போர்டு எஞ்சின். பொன்டூன் படகு ஏரிக்காகச் செய்யப்பட்டது. சிங்கப்பூரில் அதைக் கடலில் ஓட்டுகிறோம். அதை மறந்துவிட்டு நீளத்தையும் இருக்கைகளையும் மட்டும் பார்த்து வாங்குவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

பார்க்க வேண்டியது குழாயின் விட்டம். 23 அங்குலக் குழாயை விட 25 அங்குலக் குழாய்க்கு மிதப்பு 18 சதவீதம் அதிகம். கணக்குப் போட்டால், 25 அங்குலக் குழாய் இரண்டு உள்ள 20 அடிப் படகு, 23 அங்குலக் குழாய் இரண்டு உள்ள 22 அடிப் படகை விட அதிக எடை தாங்கும். 22 அடியில் டெக்கும் இருக்கைகளும் கூடுதல் எடை வேறு. அதே அளவில் மூன்றாவது குழாய் இருந்தால் மிதப்பு ஒன்றரை மடங்காகும். ஆள், சாமான் எல்லாம் ஏறிய பிறகு குழாய் ஏறக்குறைய பாதிதான் நீரில் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு முங்கினால் அந்தக் கூட்டத்துக்கு அந்தப் படகு போதாது.

எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் பதித்திருக்கும் தகட்டில் 10 பேர் என்று போட்டிருந்தால் 10 பேரை ஏற்றலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. அது உச்ச வரம்பு. கடலில் 7 பேரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். புலாவ் உபின் பக்கம், ஜோகூர் நீரிணையில் மட்டும் சுற்றுவதென்றால் இரண்டு குழாய் உள்ள 18 முதல் 20 அடி வரையிலான படகு போதும். தெற்கே உள்ள லாசரஸ் தீவின் விரிகுடா அமைதியானதுதான். ஆனால் அங்கே போகும் வழியில் ஃபெரிகளும் கப்பல்களும் கிளப்பும் அலை இருக்கிறது. அதற்கு மூன்று குழாய் வேண்டும். அது இருந்தாலும், அலையைக் கண்டதும் எஞ்சினைப் படக்கென்று குறைத்தால் முன்பக்கம் தாழ்ந்து தண்ணீர் டெக்கில் ஏறிவிடும். எல்லாரும் முன்னிருக்கையில் கூடியிருந்தால் இன்னும் மோசம். முன்கூட்டியே மெல்ல வேகத்தைக் குறைத்து, சற்றுச் சாய்வாக அலையை எதிர்கொள்ள வேண்டும். முன்கதவுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்காரவே கூடாது. விழுந்தால் படகின் அடியில் போய் எஞ்சின் விசிறியில்தான் சிக்க நேரும்.

பெரிய படகைக் காற்று ஒன்றும் செய்யாது என்பதும் தப்புக் கணக்கு. 25 அடிப் படகின் கூரையும் பக்கத் தடுப்புகளும் காற்றை வாங்கித் தள்ளும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அந்தக் காற்று வரும் அறிகுறி தெரிந்தால் கரையை விட்டுப் புறப்படாதீர்கள்.

எஞ்சினில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் பலர். 20 அடிக்கு 60 முதல் 90 குதிரைத்திறன், மூன்று குழாய் உள்ள 22 முதல் 24 அடிக்கு 150 என்று வைத்துக்கொள்ளலாம். முழு வேகத்தில் 60 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்குச் சுமார் 22 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். 150 என்றால் 55 லிட்டருக்கு மேல்.

சின்னதோ பெரியதோ, எஞ்சின் வைத்த உல்லாசப் படகுக்கு சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமமும், ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமமும் தேவை.

நிறுத்துமிடத்தை வாங்கிய பிறகு தேடாதீர்கள். சின்னப் படகைத் தூக்கிக் கரையில் வைக்கலாம். பெரியது தண்ணீரிலேயே கிடந்தால் கொட்டலசு எனும் ஓடுள்ள சிறு கடலுயிர் குழாயில் ஒட்டும். அதைத் தடுக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடித்தால் அலுமினியம் அரித்துப்போகும். அலுமினியத்துக்கென்றே விற்கும் செம்பில்லாத பெயின்ட்தான் அடிக்க வேண்டும். ஏரியில் ஓடிய பழைய படகாக இருந்தால், குழாய் அரிக்காமல் இருக்கப் பொருத்தும் உலோகத் துண்டுகளையும் பாருங்கள். மெக்னீசியமாக இருந்தால் கழற்றிவிட்டு, கடலுக்கான துத்தநாகமோ அலுமினியமோ போட வேண்டும்.

சோதனை ஓட்டத்துக்கு விற்பவரோடு தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக வரப்போகும் ஆட்களையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றி, கட்டுத்துறையிலேயே குழாய் எவ்வளவு முங்குகிறது என்று முதலில் பாருங்கள்.