மூத்தோர் சாஃப்ட்பால் போட்டிக்கு அட்டவணை போடுவது எப்படி: கடைசி நாளிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டியவர்கள் ஆடும் ஸ்லோபிட்ச் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரிதான், ஆனால் பந்தைத் தாழ்ந்த கையால் மெதுவாக வளைத்து வீசுவார்கள்), ஏதோ பூங்காவில் பொழுதுபோக்காக ஆடுவது என்று நினைத்துவிடாதீர்கள். யூட்டா மாநிலம் செயின்ட் ஜார்ஜில் அக்டோபர் மாதம் நடக்கும் ஹன்ட்ஸ்மன் உலக மூத்தோர் விளையாட்டுகளுக்கும், லாஸ் வேகஸில் நடக்கும் பெரிய போட்டிகளுக்கும் நாடெங்கிலுமிருந்து அணிகள் வந்து குவிகின்றன. 50, 55, 60, 65 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள் (80 தாண்டியவர்களுக்கும் பிரிவு உண்டு), ஒவ்வொரு வயதுக்குள்ளும் திறமையைப் பார்த்து மேஜர், டிரிபிள் ஏ, டபுள் ஏ என்று இன்னொரு முறை பிரிப்பார்கள். ஆக நீங்கள் நடத்தப்போவது பெயருக்குத்தான் ஒரு போட்டி, உள்ளே பார்த்தால் ஒரே மைதானங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஐந்தாறு குட்டிப் போட்டிகள்.

முதலில் ஆட்டங்களை எண்ணுங்கள். மைதானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் நாள் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு சீடிங் ஆட்டம், அதில் வரும் வரிசைப்படி இரண்டாம் நாளிலிருந்து டபுள் எலிமினேஷன், அதாவது இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. அணிக்கு இரண்டு ஆட்டம் என்றால் எத்தனை அணிகளோ அத்தனை ஆட்டங்கள். ஒற்றைப்படை என்று பயப்பட வேண்டாம், ஐந்து அணிகளையும் வட்டமாக எழுதி இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களோடு ஆடவிட்டால் கணக்கு சரியாக விழுந்துவிடும். ஐந்து அணிகளிடம் போய் ஆளுக்கு மூன்று ஆட்டம் என்று வாக்குக் கொடுத்தால்தான் சிக்கல், பதினைந்தை இரண்டால் வகுக்க முடியாது, யாராவது ஒருவர் நாலாவது ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். டபுள் எலிமினேஷனுக்கு அணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி இரண்டைக் கழியுங்கள், அது குறைந்தபட்சம். ஒன்றை மட்டும் கழித்தால் அதிகபட்சம். எட்டு அணிக்கு 14 அல்லது 15. எப்போதும் அதிகபட்சத்துக்கே இடம் ஒதுக்குங்கள்.

அடுத்து ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம். விதிப்புத்தகத்தில் 65 நிமிட வரம்பு என்று வைத்திருந்தால், 65 நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்று கட்டம் போட்டுவிடாதீர்கள். அந்த வரம்பு முடிந்த பிறகுதான் திறந்த இன்னிங்ஸ் வரும். மற்ற இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்ததும் பக்கம் மாறிவிடும், திறந்த இன்னிங்ஸில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பத்து ரன் பின்தங்கிய அணி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், முழங்கால் வலிக்காரர் ஒருவர் பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்கு எப்படியோ போய்ச் சேர்வார், அவருக்குப் பதில் ஓட கர்ட்டசி ரன்னர் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக நடந்து வருவார். இப்படி ஓர் இன்னிங்ஸில் நாலு முறை நடந்தால் பத்து நிமிடம் காணாமல் போய்விடும். என் கணக்கு 80 நிமிடம். எட்டு மணிக்குத் தொடங்கினால் 9:20, 10:40, 12:00, 1:20, 2:40 என்று ஒரு மைதானத்துக்கு ஆறு ஆட்டம், நாலு மணிக்கு முடிந்துவிடும். 75 என்று போட்டால் நாளுக்கு அரை மணி நேரம் மிச்சமாகும்தான், ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் வேலியோரம் நின்று உங்களையே பார்ப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு மைதானம், மூன்று நாள். 60 வயதுப் பிரிவில் எட்டு அணி, 65-இல் ஐந்து, 70-இல் நாலு. சீடிங் 8 + 5 + 4 = 17. டபுள் எலிமினேஷன் அதிகபட்சம் 15 + 9 + 7 = 31. மொத்தம் 48. முதல் இரண்டு நாளும் நாளுக்கு 24 கட்டம், கடைசி நாள் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களை நினைத்து மைதானத்துக்கு நாலு ஆட்டத்தோடு நிறுத்தினால் 16. மொத்தம் 64 கட்டம், கையில் 16 மிச்சம். இதைப் பார்த்ததும் இன்னும் நாலு அணியைச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மழைக்கும் தாமதத்துக்கும் அந்த மிச்சம் வேண்டும். ஒவ்வொரு மைதானத்திலும் மத்தியானம் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால், காலையில் சேர்ந்த தாமதம் அங்கேயே கரைந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம், பிராக்கெட், அதாவது யார் யாரோடு ஆடுவார் என்று காட்டும் வரைபடம்; அதிலும் ஒருமுறை தோற்றவர்கள் போகும் கீழ்ப் பிராக்கெட். எட்டு அணிப் பிராக்கெட்டில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி சாம்பியன் ஆக வேண்டுமென்றால் கீழே நாலு ஆட்டம் ஜெயித்து, இறுதி ஆட்டத்தை இரண்டு முறை ஜெயிக்க வேண்டும். தோற்றதையும் சேர்த்தால் ஏழு. பிராக்கெட் முழுவதையும் ஒரே நாளில் வைத்தால் அறுபது வயதுக்காரர்கள் ஒரு நாளில் ஏழு ஆட்டம் ஆடும் வாய்ப்பை நீங்களே அச்சடித்துக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால்தான் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடச் சொல்கிறேன். கடைசி நாளுக்குக் கீழ்ப் பிராக்கெட்டின் கடைசி இரண்டு ஆட்டம், இறுதி ஆட்டம், தேவைப்பட்டால் இன்னோர் இறுதி, இவ்வளவுதான். மற்றதெல்லாம் இரண்டாம் நாளில்: மேலே முதல் சுற்று நாலு, இரண்டாம் சுற்று இரண்டு, மேல் இறுதி ஒன்று, கீழே இரண்டிரண்டாக நாலு, மொத்தம் 11. இப்படிப் பிரித்தால் இரண்டாம் நாள் யாருக்கும் மூன்றுக்கு மேல் இல்லை, கடைசி நாள் மிஞ்சிப்போனால் நாலு. நாலும் அதிகம்தான். அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் நாலாவது நாள் வேண்டும், இல்லையென்றால் இறுதி ஆட்டத்தை ஒன்றோடு முடிக்க வேண்டும், அதை முன்கூட்டியே விதியில் எழுதியிருக்க வேண்டும். இறுதி ஆட்டம் நடக்கும் மைதானத்தில் அதற்கடுத்த கட்டத்தில் வேறு எதையும் போடாதீர்கள்.

இரண்டு ஆட்டத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம்? ஒரு கட்டம் விட்டால் போதும். நாலு மணி நேரம் உட்கார வைத்தால் ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பது இளைஞர்களுக்குச் சரி. இவர்களுக்குப் பின்தொடை இறுகிப்போய், அடுத்த ஆட்டத்தில் முதல் பேஸுக்கு ஓடும்போதே பிடித்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம்கூடச் சமாளிப்பார்கள், மூன்று கூடாது. முதல் நாள் காலை எட்டு மணி ஆட்டத்தை உள்ளூர் அணிகளுக்குக் கொடுங்கள், விமானத்தில் வருபவர்களுக்குப் பத்தரைக்கு மேல். ஒருவரே இரண்டு அணிக்கு மேனேஜராக இருப்பது சகஜம், கணவர் ஒரு பிரிவிலும் மனைவி மகளிர் பிரிவிலும் ஆடுவதும் உண்டு. பதிவுப் படிவத்திலேயே இதைக் கேட்டு வாங்கிவிட்டால் பாதித் தகராறு குறையும்.

மைதானங்களில் எதை யாருக்கு என்பதை ஒருமுறை நேரில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து நேரெதிரே இருக்கும் இரண்டாம் பேஸைப் பார்த்தால் கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்ல மைதானம், மாலையில் அடிப்பவர் கண்ணில் வெயில் விழாது. எல்லா மைதானமும் அப்படி அமைவதில்லை, நாலு மைதானங்கள் ஒன்றையொன்று முதுகுகாட்டி நிற்கும் வளாகத்தில் ஏதாவது ஒன்று மேற்கு நோக்கித்தான் இருக்கும். அதில் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது காலையிலேயே நிரப்பிவிடுங்கள். கார் நிறுத்துமிடத்துக்கும் கழிவறைக்கும் பக்கத்தில் இருப்பது 75-க்கு மேற்பட்டவர்களுக்கு. ஒரு பிரிவை முடிந்தவரை ஒரே மைதானத்தில் வையுங்கள், காரணம் எளிது: பெண்களுக்கு 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, ஆண்களுக்கு 12, ஹோம் பக்கத்தில் ஓடி வருபவருக்கென்று இரண்டாவது பிளேட் இருக்கும், அவர் தாண்டினால் திரும்பிப் போக முடியாத கமிட்மென்ட் கோடு சுண்ணாம்பில் போட்டிருக்கும், ரெண்டு மூணு ஆட்டத்தில் அழிந்துபோகும், பேஸ் தூரம் பிரிவுக்குப் பிரிவு மாறினால் கட்டத்துக்குக் கட்டம் பிடுங்கி நடுவதற்கு ஆள் கிடையாது. அம்பயர்களுக்கும் வயதாகிறது என்பதை மறக்க வேண்டாம், வெயிலில் தொடர்ந்து மூன்று ஆட்டத்துக்கு மேல் நிற்க வைக்காதீர்கள்.

சீடிங்கில் சமநிலை வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை முதல் பந்துக்கு முன்பே தாளில் போட்டுவிடுங்கள்: வெற்றி, நேருக்கு நேர், விட்டுக்கொடுத்த ரன், கடைசியில் நாணயம் சுண்டுவது. மூன்று அணி சமமாக இருந்து, மூன்றும் தங்களுக்குள் ஆடியிருக்கவில்லை என்றால் நேருக்கு நேரைத் தாண்டிவிடலாம்.

மழைக்கும் அப்படித்தான். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை யாரும் மைதானத்தில் இறங்கக் கூடாது, இதில் பேரமே இல்லை. புளோரிடாவில் கோடையில் நடத்துவதாக இருந்தால் பிற்பகலில் அநேகமாக இது வரும் என்று வைத்துக்கொண்டு ஏழரைக்கே தொடங்குங்கள். நேரம் போய்விட்டால் முதலில் காலிக் கட்டங்களைத் தின்னுங்கள், பிறகு நேர வரம்பை 50 நிமிடமாக்குங்கள், அதுவும் போதாவிட்டால் கீழ்ப் பிராக்கெட்டை நிறுத்துங்கள். இந்த வரிசையும் மேனேஜர்கள் கையில் முதல் நாளே இருக்கட்டும்.

அட்டவணையை அனுப்பும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண் கொடுங்கள், பிராக்கெட்டிலும் அதே எண். "ஆட்டம் 23-இல் தோற்றவர், சனி 12:00, மைதானம் 3" என்று இருந்தால் தோற்ற கையோடு எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வேலியில் மாட்டியிருக்கும் தாளைப் படிக்கக் காருக்குப் போய் கண்ணாடி எடுத்துவர வேண்டியிருந்தால் எல்லோரும் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள்.