ஆர் (R) படிக்கலாம், முதலில் குப்பியைப் பழகுங்கள்

ரத்தம், சிறுநீரில் உள்ள தடயங்களை அளந்து நோயின் காரணத்தைத் தேடும் மூலக்கூறு எபிடெமியாலஜியில் சேரப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் படிக்கணும் அக்கா?" ஆர் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரைப் படியுங்கள், ஆறு மாதத்தில் கைவந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தப் பொருளை அளக்கப் போகிறீர்கள், அது உடம்பில் எங்கே, எவ்வளவு காலம் தங்கும் என்று அதில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினால் ஏ என்ற ரசாயனம் சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்பில் சேர்ந்த ஈயமோ பல வருஷம் கிடக்கும். ஒரே ஒரு நாள் பிடித்த சிறுநீரில் பிஸ்பினாலை அளந்து, பத்து வருஷ நோயோடு முடிச்சுப் போடும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது.

மாதிரி கொடுப்பவர்களிடம் கேட்கும் கேள்வித்தாளிலும் இதே கவனம் வேண்டும். கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெண்ணின் சிறுநீரில் ஆர்சனிக் என்ற நச்சு எகிறியிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. முந்தின நாள் வீட்டில் மீன் குழம்பு. கடல் மீனில் இருக்கும் ஆர்சனோபீட்டைன் என்ற ஆர்சனிக் வகை பெரிய தீங்கு செய்யாது, ஆனால் மொத்த ஆர்சனிக்கை அளந்தால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். அதனால் மூன்று நாள் சாப்பாட்டைக் கேளுங்கள், ஆர்சனிக்கை வகை பிரித்து அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். அதைச் சரிக்கட்ட, சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினினையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்த ஆய்வு ஒன்றை நிதானமாகப் படியுங்கள். 1986 முதல் 1989 வரை 18,244 ஆண்களிடம் சிறுநீரும் ரத்தமும் வாங்கி உறையவைத்தார்கள். பிறகு கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் குப்பிகளையும், வராத சிலரின் குப்பிகளையும் எடுத்து பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சின் தடயத்தைத் தேடினார்கள். 1992-ல் வெளிவந்த முதல் அறிக்கையில் நோயாளிகள் 22 பேர்தான். ஆனால் மாதிரி எடுத்தது நோய் தெரிவதற்கு முன்பு. அதுதான் அதன் பலம். நோய் வந்த பிறகு எடுத்திருந்தால், கெட்டுப்போன கல்லீரலே அந்த அளவை மாற்றியிருக்குமோ என்ற சந்தேகம் தீராது.

இனி கைவேலை. படிக்கிற காலத்தில், ஈரமாக இருந்த ட்யூப்களில் நான் ஒட்டிய லேபிள்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் உரிந்து பெட்டியின் அடியில் விழுந்துவிட்டன. எந்தச் சிறுநீர் யாருடையது என்று தெரியாமல் அத்தனையையும் கொட்டினேன். கொடுத்தவர்கள் நூறுநாள் வேலைக்குப் போகும் அவசரத்திலும் விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள்.

ட்யூபை நன்றாகத் துடைத்து, உறைகுளிருக்கென்றே விற்கும் லேபிளை உறையவைக்கும் முன்பே ஒட்டுங்கள். ஒருவரின் மாதிரியை நாலு ட்யூபாகப் பிரித்து வையுங்கள்; ஒன்றை உருக்கினாலும் மற்றவை உறைந்தபடி இருக்கும். மாதிரி எடுக்க ஊருக்குப் போவதற்கு முன் பத்து ட்யூபில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஒட்டி, ஒரு வாரம் உறையவைத்துவிட்டு வெளியே எடுத்து, கட்டை விரலால் லேபிளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.