ஒரே ஏரியில் வாழும் மீனுக்குச் சிவப்புப் பட்டியல் மதிப்பீடு செய்வது எப்படி

"ஒரே ஏரியில்தானே இருக்கிறது, மிக அருகிய இனம் என்று எழுதிவிடலாம்" என்றுதான் முதலில் தோன்றும். சிவப்புப் பட்டியலை வெளியிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) அளவுகோலில் அது மட்டும் போதாது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவிலுள்ள லனாவோ ஏரியை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 340 சதுர கி.மீ.

முதலில் இனத்தை உறுதிசெய்யுங்கள். இந்த ஏரிக்கே உரிய கெண்டைக் குடும்ப மீன்களில் பலவற்றை மீனியல் அறிஞர் ஹெர்ரே 1924இல் விவரித்தார். சந்தையில் பல இனங்களை ஒரே பெயரில் விற்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே எடுத்தால் மதிப்பீடே பிழையாகும்.

அடுத்து வரைபடம். ஏரிமேல் 2 × 2 கி.மீ. கட்டங்களைப் போட்டு, மீன் உள்ள கட்டங்களை எண்ணி 4ஆல் பெருக்கினால் வாழிடப் பரப்பு. 340ஐ 4ஆல் வகுத்தால் 85தான். ஆனால் கரையோரக் கட்டங்களையும் முழுதாக எண்ணுவதால் கூடும். 125ஐத் தொட்டால் 500 சதுர கி.மீ. ஆகி, மிக அருகிய நிலைக்கு அடுத்த கீழ்ப்படியான அருகிய இனத்துக்கான பி2 வரம்பு தவறிவிடும் (பி என்பது பரவலின் பரப்பை அளக்கும் அளவுகோல்; பி2 அதில் வாழிடப் பரப்புக்கானது). கரையோர ஆழமற்ற நீரில் மட்டும் வாழும் மீனுக்கு நடு ஏரிக் கட்டங்களைச் சேர்க்காதீர்கள். பரவல் எல்லைக்கு, மீன் உள்ள எல்லா இடங்களையும் உள்ளடக்கும் மிகச்சிறிய குவிந்த பல்கோணம் வரையுங்கள். அது வாழிடப் பரப்பைவிடச் சிறிதாக வந்தால், இரண்டையும் சமமாக்குவதே விதி.

மிக அருகிய நிலைக்குப் பரவல் எல்லை 100 சதுர கி.மீ.க்குக் கீழ், அல்லது வாழிடப் பரப்பு 10 சதுர கி.மீ.க்குக் கீழ் இருக்க வேண்டும். ஏரி முழுக்கப் பரவிய லனாவோ மீன் பி வழியாக அருகிய இனம்வரைதான் போகும். அதற்கும் மூன்றில் இரண்டு நிபந்தனை வேண்டும்: இருப்பிடங்கள் 5க்கு மேற்படாமை (அல்லது கடும் துண்டாடல்), தொடரும் சரிவு, அதீத ஏற்ற இறக்கம். இங்கே இருப்பிடம் என்பது ஊர்க்கணக்கல்ல, அச்சுறுத்தலின் கணக்கு. வெளியிலிருந்து வந்த வேட்டை மீன் ஏரி முழுக்கப் பரவினால் இருப்பிடம் 1. சரிவுக்கோ அதீத ஏற்ற இறக்கத்துக்கோ ஆதாரம் இல்லையென்றால் பி கிடையாது. டி2 (மிகக் குறுகிய பரவலுக்கான அளவுகோல்) வழியாக, அருகிய நிலைக்கும் ஒரு படி கீழான அழிவாய்ப்பு இனம் ஆகுமா என்று பாருங்கள்.

உண்மையான வேலை எண்ணிக்கைச் சரிவை அளக்கும் ஏ2 அளவுகோலில்தான். காலம் 10 ஆண்டு அல்லது 3 தலைமுறை, எது நீளமோ அது. தலைமுறை 2 ஆண்டென்றால் 10 ஆண்டு. 4 என்றால் 12. 100 செவுள் வலை இரவுக்கு (ஒரு வலையை ஓர் இரவு போட்டால் ஒரு வலை இரவு) 40 மீன் கிடைத்த இடத்தில் இப்போது 6 என்று வைத்துக்கொண்டால், சரிவு 85%. மிக அருகிய நிலைக்கான 80%ஐத் தாண்டிவிட்டது. வலைக்கண் அளவு இடையில் மாறியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. மொத்தப் பிடிப்பையும் நம்பாதீர்கள்: வந்தேறி மீன்கள் பெருகினால் மொத்தம் குறையாது, ஏரியின் சொந்த மீன் மட்டும் காணாமல் போயிருக்கும்.

லனாவோவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். அந்த ஏரிக்கும் அதன் வடிகால் ஆற்றுக்கும் உரிய 17 மீன் இனங்களில் 15 அற்றுவிட்டதாக 2020 டிசம்பரில் ஐயுசிஎன் அறிவித்தது. வந்தேறி வேட்டை மீன்களும் மிகை மீன்பிடிப்பும் காரணம். இப்படி அறிவிக்க, பழைய பரவல் முழுக்க, வடிகால் ஆறு உட்பட, தக்க பருவத்திலும் நேரத்திலும் தேடியிருக்க வேண்டும். அந்தத் தேடல் முடியாதவரை 'மிக அருகிய இனம், அற்றுப்போயிருக்கலாம்' என்றே பதியுங்கள்.